காணிக்கை லிஸ்ட்டை மைக்கில வாசிக்கறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

எங்க அப்பா காலத்துல இருந்து உங்க பேப்பர்தான் வீட்டுக்கு வருது, லெட்டர் எழுதறது இதான் முதல் தடவை. காலைல காப்பியோட மாவட்டச் செய்தியைத் திறந்தா பாதைத் தகராறு, வேலித் தகராறு, வாய்க்கா தகராறு, அண்ணன் தம்பி வெட்டுனு ஒண்ணாவது இருக்கு. நம்மூரானு பாப்போம், இல்லனா பக்கத்தைத் திருப்பிடுவோம். அரிவாள் எல்லாம் கடைசில வர்றதுதான், ஆரம்பம் பூரா ஏதோ ஒரு வார்த்தையாத்தான் இருக்கும், இத நான் கதையா கேட்டு சொல்லல, என் வீட்டுக் கதை.

நாங்க சிஎஸ்ஐ சபை, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்க பக்கம் நன்றி சொல்ற ஸ்தோத்திரப் பண்டிகை, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற அசனம்னு வந்துட்டா ஊரே சர்ச்சு காம்பவுண்டுக்குள்ளதான், நாங்க அதக் கோயில்னுதான் சொல்லுவோம். வாழைத்தார், தேங்கா, முருங்கைக்கா, நாட்டுக்கோழினு அவங்கவங்க வீட்ல வெளஞ்சத கொண்டு வந்து படைப்பாங்க, அப்புறம் ஏலம் விடுவாங்க, அஞ்சாறு முருங்கைக்கா கூட ஐநூறு ரூவாக்கு போகும், நல்ல காரியம்தான். ஆனா ரெண்டு குடும்பம் வீம்புக்கு ஏத்தி விட்டு ஒரு பூசணிக்காயில மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போனதையும் பாத்திருக்கேன். எங்க ஆச்சி தினம் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசிய தனிப் பானையில போட்டு வைப்பா, வாரக் கடைசில அது கோயிலுக்குப் போகும், பஞ்ச காலத்துலயும் அந்தப் பானை காலியா இருந்ததில்லனு அப்பா சொல்லுவாரு. இப்ப காணிக்கை குடுத்தவங்க பேரையும் தொகையையும் கோயில்ல மைக்கில வாசிக்கறாங்க, ஆச்சி அரிசிய யாரும் மைக்கில வாசிக்கல.

விஷயத்துக்கு வாரேன். ஏழெட்டு வருசம் முன்னாடி நான் காம்பவுண்டு சுவர் கட்டும்போது பொது நடைப்பக்கம் ஒரு முக்கா அடி தள்ளிக் கட்டிட்டேன். தெரியாம இல்ல, தெரிஞ்சுதான். பக்கத்து வீடு என் கூடப்பிறந்த அண்ணன் வீடு, அவருக்கு லோடு ஆட்டோ திரும்ப மாட்டேங்குது. வந்து கேட்டாரு, மரியாதையாத்தான் கேட்டாரு, நான் கொத்தனார், சித்தாள் எல்லாரும் நிக்கும்போது ‘கூறுகெட்ட மனுசன், அளவு தெரியாம பேசுறாரு’ன்னு சொல்லிட்டேன். அண்ணன் ஒண்ணும் சொல்லல, துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு உள்ள போயிட்டாரு. அன்னைக்கு நின்ன பேச்சு மூணு வருசம். கல்யாண வீட்ல ஒரே பந்தியில உக்காந்தும் பேசல. அடுத்த நாள் என் மச்சினன் நாலு பையங்களோட பைக்ல வந்து எறங்கி ‘ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான்’னு நின்னான். நான் சரின்னும் சொல்லல, போங்கடானும் சொல்லல, டீ வாங்கிக் குடுத்து அண்ணன் பாக்குற மாதிரி திண்ணையில உக்கார வச்சேன். கைய வைக்கல, அடிக்கல, அப்ப நான் அகிம்சைக்காரன்தானனு மனசுக்குள்ள ஒரு நெனப்பு வேற.

பெறவு எனக்கு நெஞ்சு வலி வந்து ஆபரேஷன் வரைக்கும் போயி பிழைச்சு வந்தேன். முதல் ஞாயித்துக்கிழமை ஐயாயிரம் ரூவா கவர்ல போட்டு கோயிலுக்குப் போனேன். எங்க ஆராதனை முறைமைய தெரியாதவங்களுக்காக சொல்றேன், தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ல சென்னைல உருவாச்சு, 1950ல அதுக்குன்னு திருவிருந்து ஆராதனை முறை வந்துச்சு, அதுல ஒரு விசேஷம் உண்டு. காணிக்கை எடுக்கறதுக்கு முன்னாடி ஐயர், அதாவது எங்க பாதிரியார், பீடத்துல இருந்து சமாதானம் குடுப்பாரு, ஒருத்தர் கைய இன்னொருத்தர் ரெண்டு கையாலயும் பொத்தி வாங்கி, அப்படியே பெஞ்சு பெஞ்சா கடைசி ஆள் வரைக்கும் வரும். அன்னைக்கு அதே பெஞ்சுல அண்ணனும் இருந்தாரு, நடுவுல ஒரு பெரியவரு. அண்ணன் அவர் கையில குடுத்தாரு, அவர் என் கையில குடுத்தாரு. கூடப்பிறந்தவன் குடுத்த சமாதானத்த மூணாம் மனுசன் கையில இருந்து வாங்கிட்டு உக்காந்தேன். அடுத்து மைக்குல ‘சுகம் தந்ததற்காக ஸ்தோத்திர காணிக்கை ஐயாயிரம்’னு என் பேர வாசிச்சாங்க, அண்ணன் குனிஞ்சு பாட்டுப் புஸ்தகத்தையே பாத்துட்டு இருந்தாரு.

வீட்டுக்கு வந்து பைபிள்ல மத்தேயு அஞ்சாம் அதிகாரத்த எடுத்தேன், சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணதுதான். காணிக்கை செலுத்த வரும்போது ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நெனப்பு வந்தா காணிக்கைய அங்கயே வச்சிட்டுப் போயி முதல்ல அவனோட ஒப்புரவாகுன்னு இருக்கு. இத்தன வருசம் தப்பா வாசிச்சிருக்கேன். எனக்கு அவன் மேல குறை இருந்தானு இல்ல, அவனுக்கு என் மேல குறை இருந்தா. தப்பு செஞ்சவன்தான் எந்திரிச்சு நடக்கணும். அதுக்கு முந்தின வசனத்துல சகோதரன ‘மூடனே’ன்னு சொல்றவனுக்கு என்ன வரும்னு எழுதியிருக்கு, மூடனேங்கறதுக்கு எங்க ஊர்ப் பேச்சுல கூறுகெட்டவன்னுதான் அர்த்தம்.

இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, நம்ம பிரசங்கங்கள்ல மறு கன்னத்தக் காட்டச் சொல்றது எப்பவும் அடி வாங்குனவங்ககிட்டதான். குடிச்சிட்டு வந்து அடிக்கிறவன விட்டுட்டு அந்தப் பிள்ளைகிட்ட போயி பொறுத்துக்கோமானு சொல்றது அகிம்சையே இல்ல, அது அடிக்கிறவனுக்கு சப்போர்ட்டு. ஒடிசாவுல தொழுநோயாளிகளுக்கு ஊழியம் பண்ணிட்டு இருந்த கிரகாம் ஸ்டெயின்ஸயும் பத்து வயசு, ஆறு வயசு மகன்கள் ரெண்டு பேரையும் 1999 ஜனவரில மனோகர்பூர்ல ஜீப்போட வச்சு எரிச்சாங்க. அவர் மனைவி கிளாடிஸ் மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க, மூட்டைய கட்டிட்டு ஓடிப் போகாம பாரிபதாவுல அந்த நோயாளிகளோடயே அஞ்சு வருசம் இருந்தாங்க, 2005ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஆனா கேஸ் கேஸா நடந்துச்சு, 2011ல சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனைய உறுதி பண்ணுச்சு. மன்னிச்சது அந்தம்மா. அதையே வேற யாரும் அவங்ககிட்ட போயி மன்னிச்சிடுங்கனு சொல்ல முடியுமா?

அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உரிமைக்காக அகிம்சை வழியில போராடுன மார்ட்டின் லூதர் கிங் கதையையும் அப்பத்தான் திரும்ப நெனச்சேன், 1959ல இந்தியா வந்தப்ப நம்ம கன்னியாகுமரி வரைக்கும் வந்துட்டுப் போனவரு. அவரு வீட்டு முன் வராந்தாவுல 1956 ஜனவரி 30ல குண்டு போட்டாங்க, காந்தி செத்த அதே தேதி. உள்ள பொண்டாட்டியும் கைக்குழந்தையும், நல்லவேளை ஒண்ணும் ஆகல. வெளிய ஜனம் துப்பாக்கியோட கூடிருச்சு, ஒரு வார்த்தை சொல்லுங்கனுதான் அவங்களும் நின்னிருப்பாங்க. அவரு வராந்தாவுல நின்னு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினாரு. நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

சாயங்காலம் போனேன். அண்ணன் முத்தத்துல கடலை உடைச்சிட்டு இருந்தாரு. மதினிதான் ‘வாங்க கொழுந்தனாரே’ன்னாங்க, அவரு தலைய தூக்கல. மன்னிப்புங்கற வார்த்தை வாயில வரல, ‘செவத்த இடிச்சிரலாம்னு இருக்கேண்ணே’ன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு ‘மூலைய மட்டும் ரவுண்டா எடுத்தா போதும், செங்கல் என்ன வெலை விக்கி’ன்னாரு. கருப்பட்டி காப்பி வந்துச்சு, எனக்கு சுகர் இருக்கு, குடிச்சிட்டேன். மறுநாளே மூலைய எடுத்தாச்சு, ஆட்டோ இப்ப திரும்புது. கூறுகெட்டவன்னு சொன்னதுக்கு அதுக்கும் ஒரு மாசம் கழிச்சுதான் தனியா கூப்பிட்டு கேட்டேன், அந்த சித்தாள் பிள்ளைங்க முன்னாடி கேக்கலயேங்கறது இன்னைக்கும் உறுத்தல்தான்.

உங்க பேப்பர் மூலமா சபை கமிட்டிக்காரங்களுக்கு ஒரு விண்ணப்பம், பண்டிகை வருது, காணிக்கை லிஸ்ட்ட பேரும் தொகையுமா மைக்கில வாசிக்கறத இந்த வருசமாவது விட்ருங்க. கணக்கு கேக்கறவங்களுக்கு ரசீதும் வருசக் கடைசி வரவு செலவும் போதும். அந்த பத்து நிமிசத்த மிச்சம் பிடிச்சு சமாதானம் குடுக்கற நேரத்த கொஞ்சம் நீட்டுங்க, பெஞ்ச விட்டு எந்திரிச்சு நாலு பெஞ்சு தள்ளிப் போயி குடுக்க நெனக்கிறவனுக்கு நேரம் பத்த மாட்டேங்குது, பாதி தூரம் நடக்கறதுக்குள்ள காணிக்கைப் பாட்டு ஆரம்பிச்சுருது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி மாவட்டம்.