47 கோடி நட்சத்திரங்களுக்கு நான்கு நிமிடம் கிடையாதா?

எங்கள் வட்டாரத் தமிழ்ப் போட்டிக் குழுவின் தலைவர், செயலாளர், நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் பேச்சுப் போட்டியில், நட்சத்திரங்களைப் பட்டியலிடும் அறிவியலைப் பற்றிப் பேசிய என் மாணவி ஒருத்தியை மணி அடித்துப் பாதியில் நிறுத்தியதை உங்களுக்கு நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் மண்டபத்தில்தான் இருந்தீர்கள். மணி அடித்ததும் நீங்கள்தான். அதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. ஆகவே இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆண்டு விதிப்புத்தகத்தில், பேச்சுப் பிரிவில் அறிவியல் தலைப்புகளும் ஏற்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள்.

அந்த மாணவியின் மதிப்பெண் தாள் என்னிடம் இருக்கிறது. உச்சரிப்பு, சரளம், பொருள், மேடைநயம் என்று நான்கு கட்டங்கள். நான்கிலும் ஒரு சின்னக் கோடு. கீழே, ‘தலைப்பு தமிழ்ப் பண்பாட்டோடு தொடர்புடையதல்ல’ என்று குறிப்பு. சரி, பொருளுக்குக் கோடு போட்டது உங்கள் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். உச்சரிப்புக்கு ஏன் கோடு? மணி அடிக்கும்வரை அவள் பேசியது தமிழ்தானே? ழகரம் ஓர் இடத்திலாவது பிசகியதா?

அவள் வீட்டு நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் வீட்டு நிலைமையும் அதுதான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழ் பேச வராது. பாட்டிக்கு, அவள் ஆயா என்று கூப்பிடுபவருக்கு, பேச வரும், படிக்க வராது. இவளுக்குப் படிக்க வரும், பேசத்தான் தயக்கம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் ஒரு முழுத் தமிழ் ஆள் தேறும். பேச்சின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இவள் வாசிக்க, ‘இப்படி யாரும் பேச மாட்டாங்க கண்ணு’ என்று ஆயா திருத்த, திருத்தியதை இவள் தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்துக்கொண்டாள். ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கும் நாம் மதிப்பெண் போடுகிறோம். போடவும் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. இவளுக்குத்தான் கோடு.

அன்றைக்கு ஆயா மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து பேத்தி பாதியில் இறங்கி வந்ததும் என்னிடம் அவர் கேட்டது, ‘நான் சொல்லிக் கொடுத்ததுல ஏதாச்சும் தப்பா, வாத்தியாரே?’ என்றுதான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று உங்கள் குழுவே தீர்மானம் போட்டு எனக்குத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அவள் எடுத்த தலைப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியில், அதாவது சிவப்பைவிடச் சற்றே நீண்ட அலைநீளமுள்ள ஒளியில், வானத்தை அளந்து நட்சத்திரப் பட்டியல் போடுவது. தொடக்கத்தில் டிவி ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே நீட்டி அழுத்திக் காட்டினாள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி திரையில் மினுக்கியது. முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். பேச்சுப் போட்டியில் முன்வரிசை எழுந்து நின்றதை நான் வேறெப்போதும் கண்டதில்லை. அங்கேதான் மணி அடித்தது. மீதியை நீங்கள் கேட்கவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் கரும்புக் காட்டைக் கொளுத்தும்போது புகைக்குள் சூரியன் மங்கிச் சிவப்பாகத் தெரியும், இல்லையா? நீல ஒளி புகையில் சிதறிப்போகிறது, சிவப்பு ஓரளவு தப்பி வருகிறது. அலைநீளம் கூடக் கூட இன்னும் நன்றாகத் தப்பும். நம் பால்வெளி மண்டலத்திலும் அப்படித் தூசி மண்டிக்கிடக்கிறது. அதன் மையத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேர்கிறது. அதே இடத்தை 2 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சற்று மேலான அகச்சிவப்பு அலைநீளத்தில் பார்த்தால் பத்து பதினைந்தில் ஒரு பங்கு வந்துவிடும். அந்த மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? மூலம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 29 பாகையில். டர்பன் இருப்பது தெற்கே ஏறக்குறைய 30 பாகையில். அதாவது ஜூலை மாதத்து இரவில் பால்வெளியின் நடு மையம் நம் சாட்ஸ்வர்த் வீட்டுக் கூரைகளுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத யோகம் இது.

இந்த முறையில் வானத்தை முதன்முதலில் பரவலாக அளந்தவர்கள் அமெரிக்காவின் நாய்கேபாவரும் லெய்ட்டனும். மவுண்ட் வில்சனில் எபாக்சிப் பிசினைச் சுழற்றி இறுகவைத்துச் செய்த கண்ணாடியைக் கொண்டு, 1969இல் 5,612 பொருள்களின் பட்டியலை வெளியிட்டார்கள். தெற்கே 33 பாகைக்குக் கீழுள்ள வானம் அதில் இல்லவே இல்லை. பிறகு 1997 முதல் 2001 வரை டூமாஸ் என்ற அளவாய்வு. அரிசோனாவில் ஒன்று, சிலியில் ஒன்று என இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் முழு வானத்தையும் துண்டு துண்டாகப் பார்த்தன. ஒவ்வொரு துண்டுக்கும் 7.8 வினாடிதான். கிடைத்தது 47 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். அந்தப் பட்டியல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது. இவள் பார்த்ததும் கைப்பேசியில்தான்.

நம் தென்னாப்பிரிக்கக் கதைக்கு வருகிறேன், அவளும் அங்கேதான் வந்திருப்பாள். லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர் 1751 முதல் 1753 வரை கேப் டவுனில் தங்கி, கைக்கடக்கமான தொலைநோக்கியால் ஏறத்தாழ 10,000 தென்வான நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தார். 1880களில் டேவிட் கில் அதே கேப் டவுனில் புகைப்படத் தகடுகள் எடுக்க, நெதர்லாந்தில் காப்டைன் அவற்றை அளந்து 4,54,875 நட்சத்திரங்களுக்குப் பட்டியல் போட்டார். நம் கொள்ளுத்தாத்தாக்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் கரும்பு வெட்டிய அதே காலம். 2000இல் சதர்லாண்ட் ஊரின் வானாய்வகத்தில் ஜப்பானியர்களும் நம் நாட்டு வானியலாளர்களும் சேர்ந்து 1.4 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள். ஒரே நேரத்தில் மூன்று அலைநீளங்களில் படம் எடுக்கும் கேமரா அதில் இருக்கிறது; சொந்தச் சூடே அகச்சிவப்பாக ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும் என்பதால் அந்தக் கேமராவைக் கடுங்குளிரில் வைத்துத்தான் வேலை வாங்க முடியும். தெற்கே நமக்குத் தெரியும், பால்வெளிக்குப் பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் மட்டும் அது 1.4 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பட்டியலிட்டது. 2011இல், அந்தத் தொலைநோக்கியின் பல ஆண்டுப் பதிவுகளை வைத்து, பால்வெளி மையத்தை ஒட்டி ஒளி சீராகக் கூடிக் குறையும் செபீட் வகை விண்மீன்கள் மூன்றைக் கண்டுபிடித்தார்கள். அவற்றின் வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டு. வானக் கணக்கில் பச்சைக் குழந்தைகள். தூசிக்குப் பின்னால் அங்கே புது விண்மீன்கள் பிறந்திருக்கின்றன என்று அதனால் தெரிந்தது.

டிராப்பிஸ்ட்-1 என்ற குட்டி விண்மீனைப் பற்றி அவள் வைத்திருந்த பகுதிதான் எனக்குப் பிடித்தது. வழக்கமான ஒளியில் மிக மங்கல். 1999இல் டூமாஸ் பதிவுகளுக்குள்ளிருந்துதான் அது அகப்பட்டது. 2017இல் அதைப் பூமி அளவுள்ள ஏழு கோள்கள் சுற்றுவதாக அறிவித்தார்களே, அந்த வேலையில் சதர்லாண்டின் 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் தமிழில், எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் சொல்ல ஒரு பிள்ளை தயாராக நின்றாள்.

இது தமிழ்ப் பண்பாட்டோடு தொடர்பில்லாததாம். பெரியவர்களே, நீங்கள் குழந்தைக்குப் பெயர் வைக்கவும் கல்யாணத்துக்கு நாள் குறிக்கவும் பஞ்சாங்கம் புரட்டுகிறீர்கள். அதில் வரும் திருவாதிரை யார்? சிவனுக்கு உரிய, சிவந்த ஆதிரை. சாதாரண ஒளியில் வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். அகச்சிவப்பில் பார்த்தால் திருவாதிரை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ரோகிணி, கேட்டை இரண்டும் அப்படித்தான். சற்றே குளிர்ந்த, ஊதிப் பெருத்த செவ்விண்மீன்கள், அகச்சிவப்புக் கேமராவில் தகதகவென்று நிற்பவை. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களின் கூட்டத்தில்தான் 1995இல் டெய்டே 1 என்ற பழுப்புக் குள்ளனைக் கண்டார்கள். விண்மீனாகவும் தேறாமல் கோளாகவும் அடங்காமல் இருக்கும் அந்த இனத்தில் முதன்முதலில் உறுதியானவற்றுள் அது ஒன்று. காவடி எடுக்கும் பிள்ளைக்குக் கார்த்திகைக் கூட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னால் பண்பாடு கெட்டுவிடுமா?

எனக்குப் புரியாதது இன்னொன்று. ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் போட்டு, ‘இளைஞர்கள் தமிழை விட்டு விலகிப் போகிறார்கள்’ என்று கவலைப்படுகிறோம். கவலைப்படுவதற்கு நல்ல மண்டபம், நல்ல சாப்பாடு, சால்வை. சிறப்பு விருந்தினரை விமானம் ஏற்றிக் கூட்டி வருகிறோம், அவரும் இளைஞர்களைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டுப் போகிறார். மேடையில் ஏறும் பிள்ளைகளுக்கோ தைப்பூசத்தின் பெருமை, தாயின் பெருமை, பெரியோரை மதிக்கும் பெருமை, இந்த மூன்றுக்குள் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பையன், தன் மூளையில் பாதியைக் கதவுக்கு வெளியே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தமிழ் வகுப்புக்குள் வர வேண்டியிருக்கிறது. அப்புறம் அவன் வரவில்லையே என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். சதர்லாண்டின் இருட்டைக் காப்பாற்ற 2007இல் இந்த நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. நாடாளுமன்றத்துக்கு இருந்த பொறுமை நம் போட்டிக் குழுவுக்கு நான்கு நிமிடம்கூட இருக்கவில்லை.

மன்னியுங்கள், பேச்சு எங்கோ போய்விட்டது. சால்வையைப் பற்றிக் குறை சொல்ல நான் எழுத ஆரம்பிக்கவில்லை. இந்தப் போட்டியை இத்தனை காலமாகச் சம்பளம் இல்லாமல், தூக்கம் கெட்டு நடத்துபவர்கள் நீங்கள். நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் பேச ஒரு மேடையே கிடையாது. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

நடுவர்களில் ஒருவர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார், ‘விஷயம் சரியா தப்பா என்று எங்களுக்கே தெரியாதபோது எப்படி ஐயா மதிப்பெண் போடுவது?’ என்று. நேர்மையான கேள்வி. அதை மேடையிலேயே கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. அறிவியல் தலைப்பில் பேசும் பிள்ளைகள் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கொடுக்கட்டும். டர்பனில் அறிவியல் பாடம் நடத்தும் தமிழ் ஆசிரியர்களில் ஒருவரை அன்றைக்கு நடுவர் வரிசையில் உட்காரவைக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் நானே தேடி அழைத்து வருகிறேன். ரிமோட் போன்ற பொருள்களைக் காட்டக்கூடாது என்றால் அதையும் விதியில் எழுதிவிடுங்கள், பிள்ளைகள் அதற்கேற்பத் தயாராவார்கள். எழுதாத விதிக்கு அவர்களைத் தண்டிக்காமல் இருந்தால் போதும்.

சேர்க்க வேண்டிய வரியை உங்களுக்குச் சிரமம் இல்லாமல் நானே எழுதியிருக்கிறேன்: ‘பேச்சுப் பிரிவில் இலக்கியம், சமயம், பண்பாடு ஆகியவற்றோடு அறிவியல் தலைப்புகளும் ஏற்கப்படும், எல்லாத் தலைப்புக்கும் மதிப்பெண் முறை ஒன்றே.’ நடை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். புதிய விதிப்புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் இது சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இன்னொரு சிறு வேண்டுகோளும் உண்டு. மதிப்பெண் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பரிசு வேண்டாம், முடிவை மாற்றவும் வேண்டாம். அவள் பேசிய அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உச்சரிப்பு, சரளம் இரண்டு கட்டத்திலும் எண் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஆயாவிடம் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டும் அவள் பெயரை இதே தலைப்பில்தான் கொடுக்கப்போகிறேன்.

பணிவுடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்