‘7.3’ஐத் தலைப்பில் போடுவதற்கு முன்

உளவியல் ஆய்வுகளைத் தமிழில் செய்தியாக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம் தங்களுடையது அல்ல என்று சொல்லும் திருநர் குழந்தைகள் பற்றிப் பேச்சு எழுந்தாலே 7.3 சதவீதம் என்ற எண்ணும் கூடவே வந்துவிடுகிறது. “இத்தனை பேர் மனம் மாறிவிட்டார்கள்” என்று ஒரு தரப்பு. “இவ்வளவு பேர்தானே” என்று இன்னொரு தரப்பு. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா ஓல்சனும் அவருடைய குழுவினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில் வரும் எண் அது. அதை எடுத்து வீசுகிறவர்களில் பாதிப் பேராவது ஆய்வைப் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிரித்துப் பார்த்தால் கணக்கு இதுதான். ஆய்வில் இருந்தவர்கள் 317 குழந்தைகள். சேரும்போது சராசரி வயது எட்டு. எல்லோரும் ஏற்கெனவே சமூக அளவில் மாறியவர்கள், அதாவது வேறு பெயர், வேறு முடி, வேறு உடை, தங்கள் பாலினத்துக்கேற்ற அழைப்பு. சேர்வதற்கு நிபந்தனை இதுதான், மருந்தோ அறுவை சிகிச்சையோ அல்ல. அப்படி மாறி சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு பார்த்தபோது, இடையில் ஒரு முறையாவது அடையாளத்தை மறுபடி மாற்றிக்கொண்டவர்கள் 7.3 சதவீதம், அதாவது 23 பேர். அந்த 23 பேரும் ‘பழைய நிலைக்குத் திரும்பியவர்கள்’ இல்லை. அதில் 11 பேர் ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தங்களை வைத்துக்கொள்ளவில்லை. நான்கு பேர் இடையில் மாறி, மறுபடியும் திருநராகவே வந்து நின்றார்கள். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்கே திரும்பியவர்கள் எட்டுப் பேர், அதாவது 2.5 சதவீதம்.

இந்த 23 பேரும் வருந்தினார்கள் என்று ஆய்வு எங்கும் சொல்லவில்லை. மாறுவது வேறு, வருந்துவது வேறு. தலைப்பில் ‘வருத்தம்’ என்று போடுகிறவர் அந்தச் சொல்லைத் தன் கைக்காசில் வாங்கிப் போடுகிறார்.

சரி, மறு தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகள் பிள்ளையின் பேச்சைக் கேட்டு, பெயரையும் உடையையும் மாற்றிக் கொடுத்து, ஆய்வுக்கும் தாமாக முன்வந்த வீட்டுப் பிள்ளைகள். வசதியும் படிப்பும் உள்ள வெள்ளையர் குடும்பங்களே இதில் அதிகம். வீட்டில் அடி வாங்கி வளரும் பிள்ளைக்கு இந்த எண் அப்படியே பொருந்தும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதேபோல, ‘பெரும்பாலான குழந்தைகள் வளர வளர மாறிவிடுவார்கள்’ என்று சொன்ன பழைய மருத்துவமனை ஆய்வுகளோடும் இதை நேராக ஒப்பிட முடியாது. அன்றைய நோயறிதல் விதிப்படி, “நான் பெண்” என்றோ “நான் ஆண்” என்றோ ஒரு தடவைகூடச் சொல்லாத குழந்தைகளும் அந்தப் பட்டியலில் சேர முடிந்தது. பொம்மையை விரும்பிய பையன், மரமேறிய பெண் எல்லோரும் ஒரே வரிசையில். அந்த விதி 2013இல்தான் இறுகியது.

ஓல்சன் குழுவின் 2016 ஆய்வையும் இப்படித்தான் கையாள வேண்டும். ஆதரவு பெற்ற 73 திருநர் குழந்தைகளிடம் மனச்சோர்வு மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இல்லை, பதற்றம் மட்டும் சற்றே கூடுதல் என்றது அது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் படிவங்களை நிரப்பியவர்கள் பெற்றோர். உங்கள் செய்தியில் இந்த ஒரு வரி விடுபட்டால் செய்தியே வேறாகிவிடும்.

எனக்கு ஓல்சனிடம் பிடித்தது எண்கள் அல்ல, கேட்கும் முறை. 2015இல் வந்த ஆய்வில், 5 முதல் 12 வயது வரையுள்ள 32 திருநர் குழந்தைகளைக் கணினி முன் உட்கார வைத்தார்கள். ஆண், பெண் குழந்தைகளின் படங்களும் ‘நான்’, ‘நான் அல்ல’ என்ற வகைச் சொற்களும் மாறி மாறி வரும். சட்டென்று பொத்தானை அழுத்திப் பிரிக்க வேண்டும். எது எதோடு சேரும்போது விரல் வேகமாகிறது என்பதுதான் அளவு. யோசித்துப் பதில் சொல்ல நேரமில்லாத சோதனை அது. அதில் திருநர் சிறுமிகளின், அதாவது தங்களைப் பெண் என்று சொல்லும் பிள்ளைகளின், விரல்கள் மற்றச் சிறுமிகளின் விரல்களைப் போலவே நடந்துகொண்டன; திருநர் சிறுவர்களின் விரல்களும் மற்றச் சிறுவர்களின் விரல்களைப் போலவே. ‘சும்மா நடிக்கிறார்கள்’, ‘குழம்பிப் போயிருக்கிறார்கள்’ என்ற பேச்சை அதோடு வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, மொழி. ‘வந்தேன்’, ‘அழுதேன்’ என்று தன்னைப் பற்றிப் பேசும் குழந்தைக்குத் தமிழில் பாலினச் சிக்கலே இல்லை. சிக்கல் முழுக்க நமக்குத்தான். வந்தானா, வந்தாளா? ‘குழந்தை வந்தது’ என்று சின்ன வயதில் தப்பித்துக்கொள்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையை ‘அது’ என்றால் காதில் இடிக்கிறது, ‘அவர்’ என்றால் பெரியவரைச் சொல்வதுபோல் ஆகிறது. பெண் என்று தன்னைச் சொல்லும் பிள்ளையைப் பற்றி முதல் பத்தியில் ‘சிறுமி’ என்று எழுதிவிட்டு மூன்றாம் பத்தியில் ‘கூறினான்’ என்று முடித்த செய்திகளைப் படித்திருக்கிறேன். திருத்துகிறவர் கண்ணில் அது படாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் கண்ணில் நிச்சயம் பட்டிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்