மோட்டார் பெட்டியும் காப்புரிமையும்: செந்திலுக்கு ஒரு கடிதம்

சென்னை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்தில்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள். கணக்கில் நல்ல பிடிப்பு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் அவளும் உட்கார்ந்து ஏதாவது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம். நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

சரி, தோட்டத்து பம்ப் மோட்டாரைக் காக்க நீ செய்த பெட்டிக்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சாம்பல் நிறப் பெட்டி, உள்ளே இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, மூன்று ஒயரையும் கவ்விக்கொண்டிருக்கும் கரண்ட் சென்சார்கள், பச்சை டெர்மினலுக்கு மேலே மார்க்கர் பேனாவில் உன் கையெழுத்தில் மூன்று பேஸுக்கும் ஆர், ஒய், பி. ஒரு பேஸ் போனாலும் நிற்கிறது, போர்வெல்லில் தண்ணீர் இறங்கினாலும் நிற்கிறது. ஆம்பியர் குறைவதை வைத்து மோட்டாரை நிறுத்துவது பழைய உத்திதான், கடையில் கிடைக்கிற பெட்டிகளும் அதைச் செய்கின்றன. ஆனால் முதல் சில நாள் அந்த மோட்டாரையே கவனித்து, அதன் வழக்கமான கரண்ட் இழுப்பு என்ன என்று பெட்டி தானே கற்றுக்கொள்கிறது பார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கடைப் பெட்டிகளில் அளவு வைக்கிற அந்தத் திருகாணியை வைத்து யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். கோவை கணபதியில் பட்டறை வைத்துக்கொண்டு, ரீவைண்டிங்குக்கு வந்த மோட்டார்களைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை அது.

"உடனே பேட்டன்ட் போட்டுவிடு, இல்லையென்றால் பெரிய கம்பெனிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பெட்டிக்குள் ஓடும் நிரலை எல்லாருக்கும் திறந்து விடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். பதில் நீளமாகத்தான் வரும்.

2003இல் ஹாஸ்டலில் நாம் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்ட ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? மூன்று சிடி. இரண்டாவது சிடியில் கீறல், அதை நீ சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் போட்டாய். விடிகாலையில் எல்லாம் ஏறி முடிந்தது. நீ கேசட்டிலிருந்து எம்பி3யாக மாற்றி வைத்திருந்த பாட்டைத் திறந்தால் சத்தமே இல்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினோம். சவுண்டு கார்டு போய்விட்டது என்றுகூட முடிவு கட்டினாய். கார்டில் ஒரு பழுதும் இல்லை. எம்பி3 முறைக்கு ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் முதலான சிலரிடம் காப்புரிமை இருந்தது. இலவசமாகக் கொடுக்கும் லினக்ஸில் அதைச் சேர்த்தால் யார் உரிமத் தொகை கட்டுவது? அதனால் எம்பி3 பாடும் பகுதியையே எடுத்துவிட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில்தான் முடிவுக்கு வந்தது. நமக்கு 14 வருஷம் கழித்து.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் காப்பிரைட், பேட்டன்ட் இரண்டையும் காப்புரிமை என்றே எழுதிவிடுகிறார்கள். நீ எழுதிய நிரலை அப்படியே யாரும் நகலெடுக்கக் கூடாது என்பது பதிப்புரிமை. நீ எழுதிய அந்த நிமிஷமே, எங்கும் பதியாமலே, அது உனக்கு வந்துவிடும். காப்புரிமை என்கிற பேட்டன்ட் வேறு. அது யோசனைக்கே போடும் வேலி. இன்னொருவன் உன் நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், சொந்தமாக யோசித்து அதே வழிக்கு வந்தாலும் மாட்டிக்கொள்வான். "நானாக யோசித்தேன்" என்பது பதிலாகாது. என் மனஸ்தாபம் முழுக்க இங்கேதான். ஒரு பம்பில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்: இம்பெல்லர், கேசிங், ஷாஃப்ட், சீல். ஒரு சாதாரண நிரலில் சின்னச் சின்ன யோசனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் எது யாருடைய வேலிக்குள் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுத முடியுமா? அமேசானுக்கு 1999இல் அமெரிக்காவில் ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் முறைக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். அடுத்த மாதமே இன்னொரு புத்தகக் கம்பெனி மேல் வழக்கு. அந்தக் கம்பெனி வேண்டுமென்றே கூடுதலாக ஒரு கிளிக்கைச் சேர்த்து விற்க வேண்டி வந்தது. வாங்குகிறவனுக்கு இதில் என்ன லாபம்?

நீ பம்புக்காரன். அதனால் உனக்கு ஒரு பம்பு கதை சொல்கிறேன், இதைப் படித்ததிலிருந்து என் தலைக்குள்ளேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். தாமிரமும் வெள்ளீயமும் தோண்டிய ஊர். சுரங்கம் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் ஊறும். இறைக்காவிட்டால் வேலை நின்றுவிடும். அங்கே நிலக்கரி கிடையாது, கடல் வழியாக வேல்ஸிலிருந்து வர வேண்டும். ஆக, குறைந்த கரியில் நிறையத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் வைத்திருப்பவன்தான் பிழைப்பான். ஜேம்ஸ் வாட் நீராவியைத் தனிக் கலத்தில் குளிர வைக்கும் முறைக்கு 1769இல் காப்புரிமை வாங்கினார். 1775இல் நாடாளுமன்றம் அதை 1800 வரைக்கும் நீட்டிக் கொடுத்தது. பழைய நியூகாமன் எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமோ, அந்த விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும் வாங்கிக்கொண்டார்கள். அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் ஹார்ன்புளோயர், புல் மாதிரி அந்த ஊர் இஞ்சினியர்கள் வேறு விதமாக எஞ்சின் கட்டியபோது அவர்களை வழக்கு போட்டு மடக்கினார்கள். இதே வாட்டும் இன்னொருவர் வேலியில் மாட்டியவர்தான். கிராங்க் வைத்து எஞ்சினைச் சுழல வைப்பதற்கு 1780இல் பிக்கார்டு என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றி வருகிற சிக்கலான ஏற்பாட்டை வைத்து வாட் அதைச் சுற்றிக்கொண்டு போனார். சாதாரண கிராங்க்! இன்றைக்கு ஒவ்வொரு கார் எஞ்சினுக்குள்ளும் இருப்பது.

1800இல் வாட்டின் காப்புரிமை முடிந்தது. 1811இல் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஜோயல் லீன் என்பவரை வைத்து ஒவ்வொரு எஞ்சினையும் அளந்து, மாதாமாதம் அறிக்கை போட ஆரம்பித்தார்கள். ஒரு புஷல் (அந்தக் கால அளவு) கரிக்கு எத்தனை மில்லியன் பவுண்டு எடைத் தண்ணீரை ஓரடி உயர்த்தியது என்று கணக்கு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டியூட்டி'. எந்தச் சுரங்கம், என்ன மாதிரி எஞ்சின், எந்த இஞ்சினியர் என்பது எல்லாம் அதில் இருக்கும். அடுத்த வருஷம் ரிச்சர்டு டிரெவிதிக் உயர் அழுத்த எஞ்சின் ஒன்றை வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் நிறுத்தினார். அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள், எடுத்தார்கள், ஆளுக்கு ஒன்றைத் திருத்தினார்கள். ஒரு பாய்லருக்குக் கூடுதல் உறை, இன்னொரு வால்வில் சின்ன மாற்றம். முப்பது வருஷத்தில் சராசரி டியூட்டி ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிட்டது.

அவர்கள் தியாகிகள் இல்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். அறிக்கையில் பெயர் மேலே வந்த இஞ்சினியருக்கு அடுத்த சுரங்கத்தில் வேலை கிடைத்தது. முதலாளிகளுக்கோ பல சுரங்கங்களில் பங்கு இருந்தது, ஒன்றில் கண்டது இன்னொன்றுக்குப் போனால் அவர்களுக்கும் லாபம். நிரலை எல்லாருக்கும் திறந்து கொடுக்கிற, நான் தினமும் பார்க்கிற திறமூல உலகம் அச்சு அசலாக இப்படித்தான் நடக்கிறது. இலவசமாக ஏன் எழுதுகிறார்கள், பைத்தியமா என்று கேட்பவர்களிடம் நான் கார்ன்வாலைத்தான் சொல்வேன்.

பாட்டர்னுக்காக வாங்கினாயே த்ரீடி பிரிண்டர், அதுவும் இதே கதைதான். பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் போடும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989இல் காப்புரிமைக்கு மனு போட்டார். 20 வருஷம் அந்த மெஷின் பெரிய கம்பெனிகளின் ஏசி அறைக்குள்ளேயே இருந்தது. 2005இல் பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் தன் பாகங்களைத் தானே அச்சடிக்கும் பிரிண்டருக்கான ரெப்ராப் திட்டத்தை ஆரம்பித்து, வரைபடங்களை எல்லாருக்கும் திறந்து வைத்தார். 2009இல் காப்புரிமை முடிந்ததும் அந்த வரைபடங்களை வைத்து ஊர் ஊராக விற்க ஆரம்பித்தார்கள். உன் பெட்டிக்கு மூடி அடித்த மெஷின் அதன் பேரப்பிள்ளை.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். காப்புரிமை என்பது ஒரு பேரம்: ரகசியத்தை வெளியில் எழுதிக் கொடு, 20 வருஷம் உனக்கு மட்டும் உரிமை தருகிறோம் என்கிறது அரசாங்கம். முன்பெல்லாம் தொழில் ரகசியம் தாத்தாவோடு சேர்ந்து சிதையேறியது. ஒரு மருந்துக்குப் பத்து வருஷச் சோதனையும் மலை மாதிரி பணமும் ஆகும்போது வேலியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கிராங்க் தடைதானே வாட்டைப் புதிதாக யோசிக்க வைத்தது என்றும் கேட்கிறார்கள். உண்மைதான். எம்பி3 வேலியால்தான் வோர்பிஸ் என்ற இன்னொரு ஒலி முறை பிறந்தது, நல்ல முறை. ஆனால் எத்தனை நல்ல மூளைகள் சுற்றுவழி தேடியே செலவாகின! மருந்து வேறு, நிரல் வேறு. இரண்டுக்கும் ஒரே 20 வருஷம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மென்பொருளில் 20 வருஷம் நாலு தலைமுறை.

நம் நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது. 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டம் மூலம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார்கள். 2005இல் நாடாளுமன்றம் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழையபடியே விட்டுவிட்டது. ஆக, உன் நிரலுக்கு என்று தனியாகக் காப்புரிமை வராது. பெட்டி முழுவதையும் ஒரு கருவியாகக் காட்டி மனு போடலாம். தனி ஆள் இணையத்தில் மனு போட 1,600 ரூபாய்தான் கட்டணம். செலவு அங்கே இல்லை. ஏஜென்ட், பரிசோதனைக் கட்டணம், மூன்றாம் வருஷத்திலிருந்து புதுப்பிப்பு, எல்லாம் முடிந்து நாளைக்கு ஒருவன் மீறினால் கோர்ட்டுக்கு நடை. பெரிய கம்பெனிக்காரனோடு எத்தனை வருஷம் நிற்பாய்? அந்தப் பணத்தில் இன்னும் நூறு பெட்டி செய்துவிடலாம்.

அதனால் நான் சொல்வது இது. சென்சார் கவ்வும் கிளிப்பை நீயே புதிதாக வடிவமைத்திருக்கிறாய் அல்லவா, அதைப் பற்றி மட்டும் ஒரு நல்ல பேட்டன்ட் ஏஜென்டிடம் கேட்டுவிடு. அதுவரை யாருக்கும் காட்டாதே. வெளியே வந்துவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடும். நிரலை ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளியிடு. எடுத்துப் பெட்டியில் போட்டு விற்கிறவன் தன் திருத்தங்களையும் வாங்குகிறவர்களுக்குத் திறந்து கொடுக்க வேண்டும், தன் காப்புரிமையைக் காட்டி உன்னையும் மடக்க முடியாது. வெளியிட்ட தேதியும் உனக்குக் கவசம்தான். "இது முன்பே வெளிவந்தது" என்று காட்ட முடிகிற எதற்கும் வேறு யாரும் நியாயமாகக் காப்புரிமை வாங்க முடியாது. பெட்டியின் பெயரை மட்டும் டிரேட்மார்க்காகப் பதிந்துகொள். எவனாவது நகலெடுத்தால் எடுக்கட்டும், செந்தில். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் தோட்டத்துக்கே போய் நின்று, வரப்பில் உட்கார்ந்து அளவெடுக்கிற ஆள் நீ. ரிப்பேர் என்று போன் வந்தால் அன்றைக்கே போகிற ஆளும் நீதான். அதை அவன் எங்கே போய் நகலெடுப்பான்?

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உன் பெட்டிக்குள் ஓடும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற குட்டி இயங்குதளம், ரிச்சர்டு பேரி என்பவர் ஆரம்பித்து வளர்த்தது, உனக்குக் காசில்லாமல் கிடைத்தது. அதன் மேல் நீ பயன்படுத்தும் சின்னச் சின்ன லைப்ரரிகளில், அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த நிரல் துண்டுகளில், பல ஒற்றை ஆள் ராத்திரி கண் விழித்துப் பராமரிப்பவை. 2024 மார்ச்சில் நடந்தது தெரியுமா? லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் நிரலை ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவுகிற மாதிரி வந்த ஒருவன், இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே ஒரு கள்ளக்கதவு வைத்துவிட்டான். ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் தப்பித்தோம். நிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது. அதனால் பெட்டி விற்க ஆரம்பித்ததும், நீ பயன்படுத்தும் லைப்ரரிகளில் ஏதாவது ஒன்றுக்கு மாதம் ஒரு தொகை அனுப்பு, இல்லை நீ கண்ட பிழையையாவது எழுதி அனுப்பு. மும்முனை வோல்டேஜ் 300க்கு இறங்கும்போது சென்சார் தப்பாகப் படிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுவே நல்ல ஆரம்பம். அந்த வோல்டேஜை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடுகிறோம். ஒரு பெட்டியை மூடி திறந்தபடி எடுத்து வை, லேப்டாப் நான் கொண்டுவருகிறேன். உரிமக் கோப்பை எப்படி எழுதுவது, எந்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடித்துவிடலாம். பெரியவளும் தோட்டத்துக்கு வந்து மோட்டார் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

அன்புடன்,
முரளி