குடுவைச் செடிக்கு எரு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் குடுவைச் செடிக்கு மாதந்தோறும் மண்புழு உரமும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். அடுத்த இதழிலேயே இதைத் திருத்துங்கள். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் இந்தச் செடியை ஆசையாக வாங்கித் தொங்கவிடுகிறார்கள். உங்கள் குறிப்பை நம்பினால் செடி பட்டுப்போகும்.

இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி நெப்பந்தஸ் காசியானா ஒன்றுதான். அதன் சொந்த ஊர் மேகாலயாவின் காரோ, காசி, ஜைந்தியா மலைகள். கொட்டித் தீர்க்கும் மழை சத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போன, அமிலத்தன்மை கொண்ட மண் அது. வேருக்குத் தழைச்சத்து போதாது. அதனால்தான் இலைநுனி கொடிபோல் நீண்டு, மூடியோடு குடுவையாகிறது. விளிம்பில் தேன் சுரக்கிறது. அதைத் தேடி வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழுந்தால் மெழுகுச் சுவரில் ஏற முடியாது. அடியில் செடியே சுரந்து வைத்திருக்கும் நீர் அதைச் செரித்துவிடும். இப்படிப் பழகிய வேருக்கு எரு விஷம்தான். சத்து தாராளமாகக் கிடைத்தால் குடுவை விடுவதும் குறையும். மீன் துண்டு போடுகிறவர்களும் உண்டு. அது அழுகி, குடுவையும் கருகும்.

நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தின் பாலோடு தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட செய்தி எனக்குப் பெரிய வியப்பு. புறஊதா ஒளியில் இந்தக் குடுவையின் விளிம்பு நீலமாக ஒளிர்கிறது. அதை மறைத்துவிட்டால் இரை விழுவது வெகுவாகக் குறைகிறது. இப்படி ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே!

இன்னொன்றும் அவசியம். காசியானா 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள செடி. மேகாலயாவின் பாக்மாராவில் அதற்கென்றே சரணாலயம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் காட்டழிப்பும் ஒருபுறம், விற்பதற்காகப் பிடுங்குவது மறுபுறம் என்று அது அருகிவிட்டது. ஆகவே "காட்டிலிருந்து வந்த அசல் செடி" என்று யாராவது விற்றால் வாங்கக் கூடாது. நர்சரியில் பெருக்கிய கலப்பினங்களே வீட்டுக்குப் போதும்.

அவற்றுக்கு நம் மாவட்டத்தின் ஈரக்காற்று ஒத்துவரும். நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூளோடு பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைப் பாறைத் துகள்) கலந்து வைத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் தொங்கவிட்டு, மழைநீரைப் பிடித்து ஊற்றினால் போதும். உப்பேறிய போர் தண்ணீர் ஆகாது. திருத்தத்தோடு இதையும் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.