ஆயர்மாரே, சபையில் விஞ்ஞானத்துக்கும் அரைமணி கொடுங்கள்

மதுரை வட்டாரச் சபைகளின் ஆயர்மாருக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். இரண்டிலும் பாதிப் பேர் அதே பிள்ளைகள்தான். யானைமலைப் பாறைக்கு 50 கோடி வருஷத்துக்கும் மேல் வயது என்று என்னிடம் படிக்கிறார்கள். பூமிக்கே 6,000 வருஷம்தான் என்று பிரசங்கத்தில் கேட்கிறார்கள். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கல்லூரிக்குப் போனதும் சிலர் சபைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

6,000 என்ற எண் வேதத்தில் எங்கும் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்சவரலாறுகளைக் கூட்டிக் கணக்குப் போட்டு, படைப்பு நடந்தது கி.மு. 4004 என்று 1650இல் வெளியிட்டார். பிறகு அது ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, வசனத்தோடு வசனமாக ஒட்டிக்கொண்டது. இதை வாலிபர் கூட்டத்தில் சொல்ல என்ன தயக்கம்?

விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு இழுப்பதும் நடக்கிறது. யோசுவா காலத்தில் சூரியன் நின்றதால் காணாமல் போன நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததாம்! நாசா அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் போனில் தேடிப் பார்த்துவிடுவார்கள். அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அதே சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கணக்கிட்டுக் காட்டிய ஜார்ஜ் லெமெய்த்தர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அந்த ஆராய்ச்சி படைப்புக்கு ஆதாரம் என்ற தொனியில் போப் பன்னிரண்டாம் பயஸ் 1951இல் பேசியது லெமெய்த்தருக்கே பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. நம் மேடைகளுக்கு அந்த நிதானம் வேண்டும்.

நான் கேட்பது மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அரைமணி. நம் பெஞ்சுகளிலேயே டாக்டர்கள், நர்ஸ்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காணிக்கை எண்ணவும் அசன விருந்துக்குப் பரிமாறவும்தான் கூப்பிடுகிறோம். இரத்தம் எப்படி உறைகிறது என்று ஒரு நர்ஸ் அக்கா விளக்கிவிட்டு, ‘அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன்’ என்று பாடும் 139ஆம் சங்கீதத்தை வாசிக்கட்டும், அந்த வாசிப்பே வேறாக இருக்கும். வானங்கள் தேவனுடைய மகிமையைச் சொல்லும் 19ஆம் சங்கீதத்தை ஒப்பிக்கும் பிள்ளைக்கு வானத்தில் வியாழன் எது என்று தெரியவில்லை. சாதாரண பைனாகுலரிலேயே அதன் பெரிய நிலவுகள் தெரியும். பரிணாமம் பற்றியும் கேட்பார்கள், கேட்கட்டும். ஆயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ரிட்ரீட்டுக்குக் கொடைக்கானல் போகிறோம். மதுரை அமெரிக்க மிஷனரிமார் 1845இல் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வீடு கட்டிய மலை அது. அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில்தான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். நாமோ படகு விட்டுவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகக் கமிட்டி கூடும்போது இதையும் அஜெண்டாவில் சேருங்கள். பாடத்திட்டம் எழுதித்தர நான் தயார், பைனாகுலரும் என்னிடம் இருக்கிறது.

கிறிஸ்துவுக்குள்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, மதுரை