நடவுப் பெண்களுக்கு ரோஸ் நிறம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரி நெருங்கினால் படி கட்டுவது எப்படி, எந்த நாளுக்கு எந்தச் சுண்டல் என்று பத்திரிகைகளில் நிறைய வருகிறது. பொம்மையின் முகத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நான் தாராசுரத்தில் 31 வருடமாகக் காகிதக்கூழ் பொம்மைகளுக்கு முகம் எழுதுகிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

போன ஆடி மாதம் ஒரு கடைக்கு நடவு செட் 12 செய்து கொடுத்தேன். ஒரு செட்டுக்கு ஏழு பொம்மை: குனிந்து நடும் பெண்கள் ஐந்து பேர், நாற்றுமுடி தூக்கி வரும் ஆள் ஒருவர், வரப்பில் நிற்கும் பெரியவர் ஒருவர். ஒவ்வொன்றும் நாலு அங்குலம். முகம் புளியங்கொட்டை அளவு இருக்கும். மொத்தம் 84 முகம். இரண்டே நாளில் ஃபோன் வந்தது. "ரொம்ப கறுப்பா இருக்கும்மா, யார் வாங்குவா? கொஞ்சம் கலரா மாத்திக் கொடுங்க" என்றார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவர்களே வேறு ஆளை வைத்து ஸ்ப்ரே அடித்து விற்றார்கள். கடை வாசலில் நின்று பார்த்தேன். உச்சி வெயிலில், கணுக்கால் சேற்றில் நிற்கிற பெண்களுக்கு நெற்றி முதல் பாதம் வரை ஒரே ரோஸ் நிறம். கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் அம்மா திருவிடைமருதூர் பக்கம் வருடா வருடம் நடவுக்குப் போனவள். அந்த ஐந்து பெண்களில் ஓரமாக நிற்பவளின் கழுத்தை அம்மாவை நினைத்துத்தான் எழுதினேன். குனிந்து நடுகிறவர்களுக்கு வெயில் முகத்தில் விழாது, பிடரியிலும் முதுகிலும் விழும். அதனால் பிடரி நன்றாகக் கறுத்திருக்கும். ரவிக்கைக் கை முடிகிற இடத்துக்கு மேலே தோல் ஒரு படி வெளுப்பு. இப்போது பெண்கள் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கோடு மணிக்கட்டுக்கு வந்துவிடும். வயலில் நிற்கிற தண்ணீர் வெளிச்சத்தைத் திருப்பி மேலே அடிக்கும். ஆகவே குனிந்த முகத்தில் தாடைக்கு அடியில் இருட்டு கிடையாது, மங்கலாக ஒரு வெளிச்சம் நடுங்கும். இதை நாலு அங்குலப் பொம்மையில் கொண்டுவர எனக்குப் பல வருடம் பிடித்தது.

சின்ன உருவத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய சிலைக்கு வெளிச்சமே நிழல் போட்டுக்கொடுத்துவிடும். புளியங்கொட்டை முகத்தில் மூக்கின் நிழல் கண்ணுக்கே தெரியாது. அதனால் நிழலையும் நாமே எழுத வேண்டும். எங்கள் ஊர் ஐராவதேஸ்வரர் கோயில் அடித்தளத்தில் பெரியபுராணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. தொழிலுக்கு வந்த புதிதில் என் மாமியார் என்னைக் காலையிலும் நடுப்பகலிலும் அங்கே கூட்டிப்போய், புருவத்துக்குக் கீழே, மூக்கின் ஓரம், கீழுதட்டுக்கு அடியில் என்று எங்கெங்கே இருட்டு விழுகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்.

அவர் சொன்ன முதல் பாடம், "கறுப்பைத் தொடாதே, வெள்ளையையும் தொடாதே." மாநிறத்தை இருட்டாக்கக் கறுப்புச் சாயம் கலந்தால் முகம் புகை பிடித்த மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்துவிடும். நிழலுக்கு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்புச் சாயத்தோடு துளி அல்ட்ராமரைன் நீலம் சேர்த்தால் போதும். உயிருள்ள இருட்டு வரும். வெளிச்சத்துக்கு யெல்லோ ஓக்கர் என்கிற மண்மஞ்சள், கொஞ்சம் ஆரஞ்சு. சாயம் மோர் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது, இப்படி ஆறேழு மெல்லிய பூச்சு. அடியில் இருக்கிற நிறம் மேலே கசியும். நம் தோலும் அப்படித்தானே இருக்கிறது, உள்ளே ஓடுகிற ரத்தம் வெளியே தெரிகிறது. மூக்கு நுனி, காது மடல், கன்னம், விரல் முட்டி இங்கெல்லாம் சிவப்பு ஏறும். கறுத்த முகத்தில் அந்தச் சிவப்பு செங்கல் நிறமாக வரும், ரோஸாக வராது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுப்பு. ஆண்களுக்குச் சவரம் செய்த தாடையில் லேசான நீலச் சாம்பல். மஞ்சள் பூசிக் குளிக்கிற பெண்ணுக்குக் காதோரத்திலும் முடி தொடங்குகிற இடத்திலும் மஞ்சள் கொஞ்சம் தங்கியிருக்கும். அதை எழுதினால் அவள் எந்த ஊர்க்காரி என்று கேட்கவே வேண்டாம்.

கண் கடைசியில். மூன்று சைபர் போட்ட மிக மெல்லிய பிரஷ், மூச்சை அடக்கிக்கொண்டு. விழிவெள்ளைக்குச் சுத்த வெள்ளை போட்டால் பொம்மை முறைக்கும், துளி பழுப்பு சேர்க்க வேண்டும். மேல் இமைக்கோடு தடிப்பு, கீழ்க்கோடு மெல்லிசு. கருவிழியின் மேல்பக்கம் இமைக்குள் கொஞ்சம் மறைய வேண்டும். முழு வட்டம் தெரிந்தால் திடுக்கிட்ட முகமாகிவிடும். எழுதியதும் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்பது சட்டென்று பிடிபடும். எல்லாம் முடிந்ததும் தோலுக்குப் பளபளப்பில்லாத வார்னிஷ், கண்ணுக்கும் கீழுதட்டுக்கும் மட்டும் பளபளப்பு.

இவ்வளவையும் ஒரு ஸ்ப்ரே அடித்து மூடிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். கடைக்காரர் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன், வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் அதே வீட்டுக் கொலுவில் முதலில் எடுத்து வைப்பது மரப்பாச்சி. செம்மரத்தில் செய்தது, பாட்டி காலத்துக் கையெல்லாம் பட்டுக் கறுத்தது. அதைக் கலராக மாற்றிக் கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். உள்ளே எல்லாரையும் விடுவதில்லை, அச்சான படங்களில்தான் பார்த்திருக்கிறேன். காவியிலும் மஞ்சளிலும் எழுதிய உடம்புகள். ரோஸ் பாட்டில் இல்லாத காலத்து முகங்கள், இன்னும் நம்மைப் பார்க்கின்றன.

சாயக் கடையில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் இன்றும் அந்த ரோஸ் பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் க்ரயோலா கம்பெனி தன் கிரேயானுக்கு இருந்த 'ஃபிளெஷ்' என்ற பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டதாம், என் மகள் சொன்னாள். நாமும் மாற்றலாம்.

கைவினைப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சில் வார்ப்பதும் உருவம் பிடிப்பதும் சொல்லித் தருகிறீர்கள், நல்லது. தோல் நிறம் கலக்க ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்குப் பாட்டிலைக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் புறங்கையைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. கடையில் பொம்மையைக் கையில் எடுத்து, தாடைக்கு அடியில் கழுத்தைப் பாருங்கள். நெற்றியும் கழுத்தும் ஒரே நிறமாக இருந்தால் அது ஸ்ப்ரே. கையால் எழுதியது இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் கடைக்காரர் எங்களிடம் கேட்பார்.

அந்த நடவு செட்டில் பதின்மூன்றாவதாக ஒன்று எனக்காகச் செய்து வைத்திருக்கிறேன். இந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில் கீழ்ப்படியில், குழந்தைகள் கண்ணுக்கு நேராக இருக்கும்.

இப்படிக்கு,
பொம்மைக்கு முகம் எழுதும் வாசகி,
தாராசுரம்.