பூனைக்கு நாய்ப் பட்டை விற்காதீர்கள்

செல்லப்பிராணிக் கடை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடையில் கொக்கியில் தொங்கும் உண்ணிப் பட்டைகளை, அதாவது உண்ணியும் தெள்ளும் அண்டாமல் இருக்கப் பிராணியின் கழுத்தில் மாட்டும் மருந்துப் பட்டைகளைப் பற்றித்தான் இந்த மடல். அதிலும் குறிப்பாக, பூனைக்கு என்று கேட்டு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் பட்டை பற்றி.

அண்மையில் ஒரு கடையில் கண்ணெதிரே நடந்தது இது. பூனைக்குட்டிக்குத் தெள்ளுப்பூச்சி என்று ஒரு பெண் வந்தார். கடைப் பையன் நாய்ப் பட்டை ஒன்றை உறையிலிருந்து உருவி, கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி, "குட்டிதானேக்கா, இது போதும்" என்று நீட்டினான். உறை குப்பைக்கூடைக்குப் போனது. என்ன மருந்து, எத்தனை சதவீதம், எந்தப் பிராணிக்கு என்று அச்சிட்டிருந்தது அந்த உறையில்தான்! நான் குறுக்கிட்டுச் சொன்னதும் அந்தப் பெண் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையனுக்கு என் மேல் கோபம்தான்.

பட்டையை வெட்டினால் நீளம்தான் குறையும். மருந்தின் செறிவு குறையாது, மருந்தும் மாறாது. நாய்களுக்கான பல தயாரிப்புகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். காது துடிக்கும், எச்சில் வழியும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு வரும். சில பூனைகள் பிழைப்பதில்லை. அமிட்ராஸ் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி கலந்த நாய்ப் பட்டையும் பூனைக்கு ஆகாது. போதாக்குறைக்குப் பூனை நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. பெர்மெத்ரின் சொட்டு மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தே நஞ்சேறிய பூனைகளும் உண்டு.

சரி, பூனைக்கென்றே செய்த நல்ல கம்பெனிப் பட்டை என்றால்? செரஸ்டோ என்ற பட்டையை எடுத்துக்கொள்வோம். 2012 முதல் 2020 வரை அதைப் பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 75,000-க்கும் மேற்பட்ட புகார்கள் போயிருந்தன, அவற்றில் ஏறக்குறைய 1,700 இறப்புகள் என்று 2021-இல் செய்தி வெளியானது. நாய், பூனை இரண்டும் சேர்ந்த கணக்கு அது. புகார் வந்ததாலேயே பட்டைதான் கொன்றது என்று ஆகிவிடாது; அதையும் சொல்லத்தான் வேண்டும். கனடா அந்தப் பட்டைக்கு அனுமதி தர மறுத்தது. அமெரிக்காவோ 2023-இல் தடை செய்யாமல், அனுமதியை ஐந்து ஆண்டுக்குச் சுருக்கி, கூடுதல் எச்சரிக்கைகளை அச்சிடச் சொன்னது. பட்டை எதிலாவது மாட்டிக்கொண்டால் விடுபட வேண்டிய பூட்டு விடுபடாமல் கழுத்து இறுகியும் சில பிராணிகள் இறந்திருக்கலாம் என்று அந்த முகமையின் ஆய்வு சொன்னது. கண்டிப்பான பதிவுமுறை உள்ள நாட்டிலேயே இத்தனை கேள்வி. இங்கே உறையே இல்லாமல் உதிரியாக விற்கிறோம்.

பட்டை வியாபாரத்தையே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாய்ப் பட்டையை வெட்டிப் பூனைக்குக் கொடுப்பது இன்றோடு நிற்கட்டும். பூனைப் பட்டையை மூடிய பெட்டியோடு மட்டும் விற்கலாம். வாங்குபவரிடம் குட்டியின் வயதைக் கேளுங்கள். செரஸ்டோவையே பத்து வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போடக்கூடாது. அவ்வளவு சின்னக் குட்டிக்குத் தெள்ளுச் சீப்பு ஒன்றைக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். சீப்பில் லாபம் குறைவுதான், தெரியும்.

அப்புறம், பட்டை போட்டபின் பூனை நடுங்குகிறது என்று யாராவது போன் செய்தால், "பழகிடும்" என்று சொல்லாதீர்கள். உடனே கழற்றச் சொல்லுங்கள். வலிப்பு இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுக் கழுவலாம், சுடுநீர் கூடாது. பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடச் சொல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அவரால் உடனே சிகிச்சை தொடங்க முடியும்.

அடுத்த முறை சரக்கு போட வருபவரிடம், மருந்தின் பெயரும் அளவும் அச்சிடாத பட்டைகளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பூனை வளர்க்கும் ஒரு வாடிக்கையாளர்